எழுந்து நிற்க நான்கு கட்டங்கள்

அறுபத்தைந்து வயது தாண்டியும் ஒரு தீவுக்குப் போய் வராதவர்களை எங்கள் காலை நடைக்குழு மதிப்பதில்லை. முன்பெல்லாம் இப்படி இல்லை. சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, மருமகள் எப்படி என்ற மூன்று கேள்விகளில் ஒரு மனிதனை எடை போட்டுவிடுவோம். இப்போது நான்காவது கேள்வி வந்துவிட்டது. "தீவுக்குப் போயிட்டு வந்தாச்சா?"

போய் வந்தவர்கள் பூப்போட்ட சட்டையில்தான் நடப்பார்கள். வெள்ளை மணலில் கணவனும் மனைவியும் கையை விரித்துக்கொண்டு ஒரே நேரத்தில் அந்தரத்தில் குதிக்கும் படம் ஒன்று அவர்கள் கைபேசியில் இருக்கும். அந்த ஒரு படத்துக்காக இருபது தடவை குதித்ததையும், பத்தொன்பதாவது தடவையில் இடுப்பு பிடித்துக்கொண்டதையும் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு 'சுறுசுறுப்பான மூத்த குடிமக்கள்' என்று பெயர். வெறும் மூத்த குடிமகனாக இருப்பது இந்தக் காலத்தில் கொஞ்சம் கேவலம்.

நான் ஓர் அச்சகத்தில் நாற்பது வருஷம் பிழை திருத்தியவன். அடுத்தவர் செய்த தப்பைத் தேடியே வயிறு வளர்த்தவன். ஆகவே இந்த வரலாற்றில் யார் யார் என்னென்ன தப்பு செய்தார்கள் என்று எடுத்துரைக்க எனக்கு முழுத் தகுதி உண்டு.

எங்கள் பக்கத்து வீட்டில் கண்காணிப்பாளரும் நீச்சல் டீச்சரும் இருக்கிறார்கள். கணவன் மனைவி. அவர் மூத்தோர் பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்து ஓய்வு பெற்றாரே தவிர, கண்காணிப்பதில் இருந்து ஓய்வு பெறவில்லை. டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தின் நீச்சல் தொட்டியில் முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவர். அறுபத்தாறு வயதிலும் தினம் அந்தத் தொட்டியில் நாற்பது சுற்று நீந்துவார். அதற்கு முன்னால் இரண்டு பேரும் எங்களோடு ஆறு கிலோமீட்டர் நடப்பார்கள். நாங்கள் பின்னால் ஓடிவர வேண்டியிருக்கும்.

அப்படிப்பட்ட டீச்சர் கடலில் கால் நனைத்தது கிடையாது. எங்கள் ஊரில் இருந்து கடல் தூரம். லீவு நாட்களில் கண்காணிப்பாளர் ஆபீஸ் கோப்புகளை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார்.

"தீவுக்குப் போய் நீங்க என்ன செய்யப் போறீங்க டீச்சர்? குதிக்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"நீந்தப் போறேன் சார். இந்தத் தொட்டியில இருபத்தஞ்சு மீட்டர் போனா சுவரு. திரும்பணும். மறுபடியும் சுவரு. முப்பத்தொரு வருஷமா சுவரைத் தொட்டுத் தொட்டுத் திரும்பிட்டேன். ஒரே ஒரு தடவை திரும்பாம நீந்தணும்."

"திரும்பாமலே போயிட்டா?"

"திரும்புவேன். ஆனா நானாத் திரும்பணும்."

வலது தோளில் தேய்மானம் தொடங்கிவிட்டது என்றும், இன்னும் இரண்டு வருஷத்துக்குத் தாங்கும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் அவசரம். வீட்டில் விஷயத்தைச் சொன்னார்.

பயணம் என்றால் எல்லாரும் பெட்டியை எடுப்பார்கள். கண்காணிப்பாளர் கோப்பை எடுத்தார். நாடா கட்டிய அட்டைக் கோப்பு. முகப்பில் 'பொருள்: தீவுக்குச் செல்லுதல் தொடர்பாக' என்று எழுதி, உள்ளே முதல் குறிப்பாக, 'மனைவி வாய்மொழியாகக் கோரியுள்ளார். எழுத்துமூலம் கேட்கப்பட்டது' என்று பதிந்தார். டீச்சர் ஒரு தாளில் 'தீவுக்குப் போகணும்' என்று எழுதிக் கொடுத்தார். யாருடன் என்று குறிப்பிடாததால் அது திருப்பி அனுப்பப்பட்டது. கூடத்தில் இருந்து சமையலறைக்குத்தான் திருப்பி அனுப்பினார் என்றாலும் அனுப்பியது அனுப்பியதுதான். டீச்சர் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'முடிந்தால் உங்களுடன்.'

ஒரு வழியாகப் பயண ஏற்பாட்டு நிறுவனத்துக்குப் போனோம். நானும் போனேன். கண்காணிப்பாளர் எங்கே கையெழுத்துப் போட்டாலும் பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டும். அங்கே கணினி முன்னால் இருந்த பெண் இருவரின் பதிவு எண்களையும் தட்டினாள். அறுபத்தைந்து தாண்டியவர்கள் தீவில் இறங்க, சொந்த ஊர் பதிவு அலுவலகத்தின் செயல்திறன் சான்று வேண்டும். எங்கள் குழுவில் போய் வந்தவர்கள் எல்லாரும் வாங்கியதுதான். கவுன்டரில் நேரில் போய் நின்றால் ஒரு வாரத்தில் கிடைக்கும்.

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு அவர்களைப் பார்த்தாள்.

"சார், உங்க ரெண்டு பேருக்கும் சான்று வராதே."

"ஏன்மா?"

"நீங்க ரெண்டு பேரும் படுத்த படுக்கையா இருக்கீங்க சார்." தூங்குகிறவர்கள் விழித்துவிடக் கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னாள்.

டீச்சர் தோளில் பையோடு நின்றிருந்தார். "யாரு?"

"நீங்கதாம்மா. ஆறு வருஷமா."

டீச்சர் கணவரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் கோப்பின் நாடாவைக் கட்ட ஆரம்பித்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பிழை எங்கே இருக்கிறது என்பது பக்கத்தைத் திருப்பும்போதே தெரிந்துவிடும்.

நடந்தது இதுதான். ஓய்வு பெற்ற ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு முறை பதிவு அலுவலகத்துக்கு நேரில் வந்து, தான் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். வரிசை வாசல் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். முப்பது வருஷம் அந்த வரிசையை நிற்க வைத்தவர் கண்காணிப்பாளர். தானும் அதே வரிசையில், தான் நிற்க வைத்த ஆட்களுக்குப் பின்னால் போய் நிற்பதா என்று அவருக்கு மானம் தடுத்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆய்வாளர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். கண்காணிப்பாளர் அந்த இடத்தில் ஒரு டிக் அடித்தார். ஐயா மேல் இருந்த மரியாதையால் யாரும் வந்து பார்க்காமலே வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

"சரி, உங்களுக்கு வெட்கம். என்னையும் சேத்தா படுக்க வெச்சீங்க?" தெருவில் நடக்கும்போது டீச்சர் கேட்டார்.

"குடும்பத்துக்கு ஒரே டிக்தான்மா. படிவம் அப்படி."

"அந்தப் படிவத்தை யாரு பண்ணினது?"

"இட நெருக்கடி. ஒரே பக்கத்துல அடங்கணும்."

"தினம் அந்த ஆபீஸ் வாசல் வழியாத்தானே ஆறு கிலோமீட்டர் நடக்கிறோம்?"

"அது நடக்கிறது. இது பதிவு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே."

மறுநாள் மூவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். இப்போதைய பிரிவுத் தலைவர், கண்காணிப்பாளரிடம் எழுத்தராக இருந்து வளர்ந்தவர். ஐயாவைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"வாங்க ஐயா. உட்காருங்க. இல்ல, படுத்துக்கிறீங்களா?"

கண்காணிப்பாளர் விஷயத்தைச் சொன்னார். பிரிவுத் தலைவர் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. அலமாரியில் இருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

"விதி பதினாலு ஐயா. படுக்கையாளர் நேரில் வந்து மனு தரக் கூடாது. அப்படி ஒருவர் வந்தால் அவர் ஆள்மாறாட்டக்காரராகக் கருதப்படுவார்."

"தம்பி, நான் உன் கண்ணு முன்னாடி நிக்கிறேனே," என்றார் டீச்சர்.

"நிக்கிறது நீங்கம்மா. பதிவுல உள்ளவங்க படுத்திருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு நான் எப்படிம்மா சொல்றது?"

"என்னங்க, இவரு என்ன சொல்றாரு?"

கண்காணிப்பாளர் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு ஓட்டை இல்லாம எழுதியிருக்கு பாரு."

யார் எழுதியது என்று டீச்சர் கேட்கவில்லை. பிரிவுத் தலைவரும் மரியாதை கருதி மின்விசிறியைப் பார்த்தார்.

வழி இல்லாமல் இல்லை. விதி பதினைந்து 'எழுச்சி நடைமுறை' என்று ஒன்றை வகுத்திருந்தது. படுக்கையாளர் குணமடைய நான்கு கட்டங்கள்: படுக்கை, நாற்காலி, கைத்தடி, நடை. ஒவ்வொன்றும் தொண்ணூறு நாள். ஆய்வாளர் எந்த நேரமும் சொல்லாமல் வருவார். அந்தந்தக் கட்டத்தில் அந்தந்த நிலையில் காணப்பட வேண்டும். 'எந்தவொரு கட்டத்தையும் தாண்டிக் குணமடைவது பதிவேட்டின் நம்பகத்தன்மைக்கு ஊறு விளைவிக்கும்.'

"எழுந்திரிக்க நாலு கட்டம். சரி, விழறதுக்கு எத்தனை கட்டம்?" என்று டீச்சர் கேட்டார்.

"அதுக்கு ஒரு டிக் போதும்மா," என்றார் பிரிவுத் தலைவர்.

அன்று மாலையே கண்காணிப்பாளர் படுத்துவிட்டார். நடைப்பயிற்சி ரத்து. ஆய்வாளர் எப்போது வருவார் என்று தெரியாதல்லவா. டீச்சரையும் படுக்கச் சொன்னார். டீச்சர் முதல் நாலு நாள் மட்டும் படுத்தார். தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று நினைத்திருப்பார்.

நாலாம் நாள் காலை கண்காணிப்பாளரிடம் இருந்து எனக்குப் போன் வந்தது.

"சார், கொஞ்சம் வந்து எங்க வாசல் கதவைத் திறந்து விடுங்க."

"வெளியூர்ல இருக்கீங்களா?"

"உள்ளதான் இருக்கேன். படுத்திருக்கேன்."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. அதான் சிக்கல். ஆய்வாளர் மணி அடிக்கிறாங்க. படுக்கையாளர் கதவைத் திறந்தா விதிமீறல்."

நான் பின்பக்கக் கதவு வழியாக உள்ளே போனேன். கட்டிலில் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு மேலே பார்த்துக் கிடந்த கண்காணிப்பாளரையும், பக்கத்துக் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டிருந்த டீச்சரையும் தாண்டிப் போய் முன்கதவைத் திறந்தேன்.

ஆய்வாளருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் அலைந்த முகம். உள்ளே வந்து புத்தகத்தைத் திறந்தாள்.

"ஐயா, உங்களால எழுந்து உட்கார முடியுதா?"

கண்காணிப்பாளர் சுவர் நாட்காட்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "எண்பத்தாறு நாள் கழிச்சு முடியும்."

'ஒத்துழைப்பு மிக நன்று' என்று எழுதிக்கொண்டாள். "உங்களுக்கும்மா?"

டீச்சர் போர்வையை உதறிவிட்டு எழுந்தார். தரையில் நின்று, இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிச் சுழற்றி எட்டு வீச்சு நீந்திக் காட்டினார். "இது போதுமா, இன்னும் வேணுமா?"

ஆய்வாளர் புத்தகத்தில் விரலை மேலும் கீழும் ஓட்டினாள். படுக்கைக் கட்டத்தில் கை அசைவு பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'கட்டுப்பாடற்ற அசைவுகள் உண்டா?' உண்டு என்று டிக் அடித்தாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா. வேற இடம் இல்ல."

வாசலில் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள்.

"என் பட்டியல்ல நூத்திப் பதினாலு படுக்கையாளருங்க இருக்காங்க சார். உண்மையிலேயே படுத்திருக்கிறவங்க பதினோரு பேர்தான்."

"அவங்களை எப்பப் போய்ப் பார்ப்பீங்க?"

"அவங்க எங்க போயிடப் போறாங்க? ஓடுறவங்களை முதல்ல பிடிச்சாகணும். கணக்கு அப்படி."

அதன் பிறகு டீச்சர் தினமும் பின்பக்க வழியாகத் தொட்டிக்குப் போய்விடுவார். ஆய்வாளர் வந்த மூன்று தடவையும் அவருடைய கட்டில் காலி. 'படுக்கையாளர் படுக்கையில் இல்லை. யாரேனும் தூக்கிச் சென்றிருக்கலாம்' என்று பதிவானது. கடைசியில் அந்தப் பெண்ணே மனம் இரங்கி டீச்சரை நாற்காலிக் கட்டத்துக்கு உயர்த்தினாள். அதற்கு மேலே உயர்த்த அவளுக்கு அதிகாரம் இல்லை.

கண்காணிப்பாளர் அப்படி இல்லை. விதியை எழுதியவரே அதை மதிக்காவிட்டால் நாட்டில் யார் மதிப்பார்கள்? தொண்ணூறு நாள் படுத்தார். நடைக்குழுவினர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தொண்ணூறு நாள் நாற்காலியில் இருந்தார். அடுத்த தொண்ணூறு நாள் கைத்தடி. கைத்தடிக் கட்டம் வந்தபோது அவருக்கு உண்மையிலேயே கைத்தடி தேவைப்பட்டது. எங்களை ஓட வைத்த அந்தக் கால்கள் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக மெலிந்துவிட்டன. நடைக் கட்டம் வந்தபோது கட்டிலில் இருந்து குளியலறைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார்.

முந்நூற்று அறுபதாவது நாள் பிரிவுத் தலைவரே சான்றிதழோடு வீட்டுக்கு வந்தார். அட்டவணைப்படி அன்று ஐயா நடக்க வேண்டும். ஆகவே நடந்துவிட்டதாக முதல் நாளே அச்சாகி முத்திரையும் குத்தியாகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து, கையில் கொடுத்தார். செயல்திறன்: மிக நன்று.

அவர் போன பிறகு கண்காணிப்பாளர் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "சான்று வந்துடுச்சு."

"கால் எங்கங்க?" என்றார் டீச்சர்.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து அவருடைய காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுத்திவிட ஆரம்பித்தார். அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டீச்சருக்குக் கோபப்படவும் நேரம் இல்லை. டாக்டர் கொடுத்த இரண்டு வருஷத்தில் ஒரு வருஷம் போய்விட்டது.

மறுபடியும் பயண நிறுவனம். மறுபடியும் நான் சாட்சி. அந்தப் பெண் பதிவு எண்களைத் தட்டிவிட்டு இந்தத் தடவை மலர்ந்தாள்.

"அம்மா நாற்காலி. ஐயா செயல்திறன். ரொம்பப் பொருத்தம். நாற்காலிப் பயணிக்குச் சான்று வேண்டாம். தள்ளிட்டுப் போற உதவியாளருக்கு இருந்தாப் போதும். ஐயா உங்களைத் தள்ளுவாங்க."

ஐயா கைத்தடியை ஊன்றிக்கொண்டு டீச்சரின் தோளைப் பிடித்து நின்றிருந்தார்.

"அதோட நாற்காலிக்குப் படகுல முதல் இடம்மா. வரிசையே கிடையாது. கரையிலயும் முன்வரிசையில நிழல்."

முன்வரிசையில் நிழல் என்ற இந்த இரண்டு சொற்கள் மறுநாள் காலைக்குள் நடைக்குழு முழுவதும் பரவிவிட்டன. பரப்பியது யார் என்று இப்போது ஆராய வேண்டாம். நானும் குழுவில் ஒருவன்தான்.

ஒரு மாதத்துக்குள் எங்கள் குழுவில் இருபத்திரண்டு பேர் நாற்காலிக்கு டிக் அடித்தார்கள். டிக் அடித்ததும் பழைய செயல்திறன் சான்று ரத்து. வெறுமனே தீவுக்குப் போவது பழசாகிவிட்டது. நாற்காலியில் போவதுதான் புதுசு. படிவம் இப்போது திருத்தப்பட்டு, குடும்பத்தில் ஆளுக்கு ஒரு டிக் என்றாகியிருந்தது. யார் உட்காருவது, யார் தள்ளுவது என்பதை அந்தந்த வீடுகளில் கலந்து பேசி முடிவு செய்தார்கள். கலந்து பேசியதில் இருபத்திரண்டு வீட்டிலும் கணவனே உட்காருவதென்று முடிவானது.

என் மனைவிக்குப் பன்னிரண்டு வருஷமாக முட்டிவலி.

"நானா உங்களைத் தள்ளணும்?" என்று கேட்டாள்.

"மணல்ல லேசாத்தான் ஓடும்," என்றேன். நான் கடற்கரை மணலைப் பார்த்ததே இல்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு லாரி டிரைவர் இருக்கிறார். விபத்தில் இரண்டு காலும் போனவர். மகளோடு அவரும் அதே தீவுக்கு மனுப் போட்டிருந்தார். நாற்காலி இடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டதாகவும் அடுத்த வருஷம் முயலும்படியும் அவருக்குக் கடிதம் வந்தது. பிழை ஒன்றும் இல்லாத கடிதம். அவர் மகள் கொண்டு வந்து காட்டினாள். நானே படித்துப் பார்த்துச் சொன்னேன்.

தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். படகில் முதல் இடம் கிடைத்தது. கரையில் துணிப் பந்தல் போட்டு இருபத்து மூன்று நாற்காலிகளுக்கு முன்வரிசை. நிழல் நாற்காலிகள் வரைக்கும்தான். பின்னால் நிற்கும் உதவியாளர்கள் வெயிலில் நின்றார்கள். இறங்கும் இடத்தைத் தாண்டியதும் எழுந்து ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடலாம் என்பது எங்கள் திட்டம். ஆனால் கரையிலும் ஓர் அலுவலர் இருந்தார். கழுத்தில் விசில், கையில் பட்டியல், தலையில் பெரிய தொப்பி. அவர் எங்களை வரவேற்று ஒரு சுற்றறிக்கையைப் படித்தார். நாற்காலிப் பயணி நாற்காலியை விட்டு இறங்கினால் அவர் நாற்காலிப் பயணி ஆகமாட்டார். செயல்திறன் சான்றும் இல்லாதவர் என்பதால் நடப்பவரும் ஆகமாட்டார். இரண்டும் இல்லாதவர் நாலு மணிப் படகில் திருப்பி அனுப்பப்படுவார்.

நாங்கள் இருபத்திரண்டு ஆண்களும் பூப்போட்ட சட்டையில், கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேல் உட்கார்ந்த இடம் வலித்தது. என் மனைவி பின்னால் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். கடல் பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

டீச்சர் ஓரத்து நாற்காலியில் இருந்தார். கண்காணிப்பாளர் பின்னால் நின்று கைப்பிடி இரண்டையும் இறுக்கிப் பிடித்திருந்தார். நாற்காலிதான் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, நீங்க வந்து இதுல உட்காருங்க," என்றார் டீச்சர்.

"உதவியாளர் உட்காரக் கூடாது. விதி."

"விதி கெடக்குது. உட்காருங்க."

டீச்சர் எழுந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். ஒரு கட்டத்தையும் விட்டுவைக்காமல் எல்லாவற்றையும் சேர்த்துத் தாண்டி, நேராகத் தண்ணீரை நோக்கி நடந்தார். விசில் அடித்தது. டீச்சர் முழங்கால் ஆழத்தில் இருந்தார். மறுபடி விசில். இடுப்பளவு. மூன்றாவது விசிலுக்கு அவர் அலைக்குள் தலையைக் கொடுத்து அந்தப் பக்கம் எழுந்து நீந்த ஆரம்பித்திருந்தார்.

அலுவலர் பட்டியலோடு ஓடி வந்தார். "யார் அது? நாற்காலியா, செயல்திறனா?"

கண்காணிப்பாளர் வாயைத் திறந்தார். அவர் வாழ்நாளில் எந்தக் கேள்விக்கும் விதி எண் சொல்லாமல் பதில் சொன்னதில்லை. இப்போது ஒரு குரல் வந்தது. அது எனக்குத் தெரிந்த குரலாக இல்லை.

"அவ என் சம்சாரம். படுத்த படுக்கைன்னு ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதிக் கொடுத்தேன். பொய். வரிசையில நிக்க வெட்கப்பட்டு எழுதின பொய். அவ ஒரு நாள்கூட நோயில படுத்ததில்ல சார். இந்தத் தண்ணிக்காக ஒரு வருஷம் நான் அவளைக் காக்க வெச்சேன். அவளைக் கூப்பிடாதீங்க. தண்டனை எதுவானாலும் என் பேர்ல எழுதிக்குங்க."

அலுவலர் பட்டியலைத் திருப்பினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார்.

"இதுல அதுக்கு இடம் இல்ல சார். முன்னாடி சொன்னது பொய்ன்னு சொல்றதா இருந்தா உங்க ஊர் ஆபீஸ்லதான் சொல்லணும். உண்மையை வாங்கிக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது."

"அப்ப அவளை என்ன செய்வீங்க?"

"நான் என்ன செய்ய? எனக்கு நீச்சல் தெரியாது. அது வேற பிரிவு." அவர் பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார்: 'நாற்காலிகள் 23. ஒன்று காலி. கடலில் ஒருவர். அடையாளம் தெரியவில்லை.' பிறகு எங்கள் வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பந்தல் காலில் சாய்ந்துகொண்டார்.

கண்காணிப்பாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து, அதில் உட்கார்ந்தார். யாரையும் கேட்கவில்லை.

டீச்சர் போய்க்கொண்டிருந்தார். இருபத்தைந்து மீட்டர் இருக்கும் என்று நான் கண்ணால் அளந்து வைத்திருந்த இடம் வந்தது. அந்த இடத்தில் ஒரு கை சற்றே தயங்கியது போல இருந்தது. பிறகு தாண்டிவிட்டார். கண்காணிப்பாளர் குழந்தை மாதிரி அழுதுகொண்டு, "போ, போ," என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். தலை சின்னதாகி, கடுகாகி, அலைக்கு நடுவில் காணாமல் போய், மறுபடி தெரிந்தது. எனக்கு எழுந்து ஓடிப் போய்த் தண்ணீரில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் குதிகால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது.

என் மனைவி பின்னால் இருந்து குனிந்து என் காதருகே வந்தாள்.

"ஏங்க, நாமளும் போய்க் கொஞ்சம் கால் நனைச்சிட்டு வரலாமா?"

"பேசாம நில்லு. அவர் பார்க்கிறாரு," என்றேன்.

நாலு மணி வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் இருபத்திரண்டு பேரின் ஆவணங்களும் சரியாக இருந்தன.